புளிப்பில் சாகாதவை

புது ரொட்டியைக் கடித்ததில் உல்போசினுக்குப் பல் உடைந்துவிட்டது. சூடு ஆறாத, பஞ்சு மாதிரியான ரொட்டி. உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வேலை உடுப்போடு நேராகத் தொழிற்சாலையின் பல் மருத்துவ அறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னன்னு பாரு. ரொட்டியில போன பல்லு. வெளிய சொன்னா மானம் போயிடும்."

பல் டாக்டர் மர்ஸியா விளக்கை அவள் வாய்ப்பக்கம் திருப்பினாள். கஸாக் மண்ணில், சூ ஆற்றங்கரையில் இருந்த அந்த மிட்டாய்த் தொழிற்சாலைக்கு அவள் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அங்கே வேலை பார்த்த நானூறு பேரின் வாயையும் பார்த்திருந்தாள். முகத்தை மறந்தாலும் பல்லை மறக்கமாட்டாள். ஆனால் உல்போசின் மட்டும் இத்தனை நாளாகச் சிக்கவில்லை. புளிப்பு மிட்டாய்ப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. ஐம்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருஷ வேலை. டாக்டரிடம் போவது வேலையில்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவள் கட்சி.

முன்பற்கள் தேய்ந்து, ஓரம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவியது. அது மர்ஸியா எதிர்பார்த்ததுதான். புளிப்புப் பிரிவில் மிட்டாய்களைப் பெரிய உருளையில் போட்டுச் சர்க்கரைத் தூளோடும், எலுமிச்சை உப்பு என்கிற கடும் புளிப்புத் தூளோடும் சேர்த்துச் சுழற்றுவார்கள். கதவைத் திறந்தாலே நாக்கு கூசும். அந்தக் காற்றை வருஷக்கணக்கில் சுவாசித்தால் பல் கரையத்தான் செய்யும். அவளை நிற்கவைத்தது வேறொன்று. ஈறு ஓரத்தில், பல்லுக்குப் பல், பழுப்பாக, ஊசி பட்டால் உள்ளே இறங்குகிற அளவுக்கு மெத்தென்ற குழிகள். வெறும் புளிப்பு பல்லை வழவழவென்று தேய்க்குமே தவிர இப்படிக் குடையாது. குடைவது கிருமியின் வேலை.

"அக்கா, சொத்தை நிறைய இருக்கு. கிருமி புகுந்திருக்கு."

"யாருகிட்ட கதை விடுற? எங்க பிரிவுல ஈ கூட உக்காராது. புளிப்பு எல்லாத்தையும் கொன்னுடும். எங்க வீட்ல புளிச்ச தயிர் உருண்டைய ஒரு குளிர்காலம் பூரா பையில போட்டுத் தொங்கவிட்டிருப்போம். ஒரு பூசணம் புடிச்சதில்ல. என் வாயில கிருமியாம்!"

பதில் சொல்ல வாயெடுத்த மர்ஸியா அப்படியே நின்றாள். உல்போசின் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய்க் கிருமி சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கழிக்கும், அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கும் என்று கல்லூரியில் படித்திருந்தாள். புளிப்பு ஓர் அளவைத் தாண்டினால் கிருமியே வேலையை நிறுத்திச் செத்துப்போகும் என்றும் அதே புத்தகம் சொன்னது. அப்படிப் பார்த்தால் இந்த வாயில் எப்போதோ எல்லாம் செத்திருக்க வேண்டும். ஆனால் இங்கே அவை குடித்தனம் நடத்துகின்றன. எப்படி?

உடைந்த பல்லை மரத்துப்போகச் செய்வதற்கு முன் ஒரு சிறிய கரண்டியால் பல்லிடுக்கிலிருந்த பசையைச் சுரண்டிச் சுத்தமான குழாய் ஒன்றில் போட்டு மூடினாள்.

"என்ன எடுக்குற?"

"பல்லிடுக்குப் பசை."

"அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"தெரியலக்கா."

"தெரியலன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் உல்போசின். ஏனோ அதற்குப் பிறகு வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது ஏவல்ட் கிரீஸின் சோதனைக்கூடம். அவன் பெற்றோர் யுத்த காலத்தில் வோல்கா கரையிலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்டு இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியர்கள். கேக்குக்கு வைக்கிற கிரீமில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது ஏவல்டின் வேலை. கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டி, நுண்ணோக்கி, புளிப்பை அளக்கும் மீட்டர் எல்லாம் அவனிடம்தான் இருந்தன. மீட்டரை யாரையும் தொடவிட மாட்டான்.

குழாயை நீட்டியதும் அவன் மூக்கைச் சுளித்தான்.

"டாக்டர், இது கிரீம் பாக்குற இடம். எச்சில் பாக்குற இடமில்ல."

"கிரீம்ல எச்சில் விழுந்தா பாப்பீங்கல்ல?"

"அப்ப அது குற்றவாளி. இது விருந்தாளி."

"சரி, விருந்தாளிக்குச் சாப்பாடு போடுங்க."

ஏவல்ட் சிரிக்கவில்லை. ஆனால் குழாயை வாங்கிக்கொண்டான். உல்போசின் சொன்னதையும், தான் பதில் சொல்ல முடியாமல் நின்றதையும் மர்ஸியா சொல்லி முடித்தபோது அவன் ஏற்கெனவே கண்ணாடிக் குடுவைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் மர்ஸியா புளிப்புப் பிரிவிலிருந்து ஆறு பேரையும், சுவருக்கு அந்தப் பக்கம் வேஃபர் என்கிற மெல்லிய பிஸ்கட் சுடுகிற பிரிவிலிருந்து ஆறு பேரையும் அழைத்துப் பசை சுரண்டினாள். வேஃபர் பிரிவிலும் சர்க்கரைத் தூள் பறக்கும். எலுமிச்சை உப்புதான் கிடையாது. சுரண்டிய கையோடு பன்னிரண்டையும் கடும் புளிப்பான சாற்றில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து வளர்ப்புத் தட்டில் தடவி வெப்பப் பெட்டியில் வைத்தார்கள். உயிரோடு இருக்கிற கிருமி ஒவ்வொன்றும் இரண்டு நாளில் பெருகி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். செத்தது தெரியாது.

மூன்றாம் நாள் தட்டுகளை மேசைமேல் பரப்பினார்கள். வேஃபர் பெண்களின் தட்டுகளில் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி. புளிப்புப் பெண்களின் தட்டுகளில் எள்ளைக் கொட்டி இறைத்த மாதிரி.

"இது வேற ஜாதி" என்றான் ஏவல்ட். அவன் குரலே மாறியிருந்தது. "யாரும் பாக்காத இனம். புளிப்புப் பிரிவுலயே பொறந்து வளர்ந்தது. இதுக்கு நாமதான் பேர் வைக்கணும்."

"நுண்ணோக்கியில ரெண்டும் ஒரே மாதிரி மணி கோத்தாப்பல தானே இருக்கு?"

"கஸாக்கும் கிர்கிஸும் உங்க கண்ணுக்கு வேற வேற. எனக்கு ஒரே மாதிரிதான்."

"அத உல்போசின் அக்கா முன்னாடி சொல்லுங்க, நான் நின்னு பாக்குறேன்."

இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவானது. இந்தத் தடவை நிறையக் கிருமி வேண்டும் என்பதற்காக, வேஃபர் பெண்களின் பசையைக் காலையிலேயே சர்க்கரை கலந்த இறைச்சிச் சாற்றில் போட்டான் ஏவல்ட். பத்து மணிக்கு எடுத்துவிடுவதாகத் திட்டம். ஒன்பதரைக்கு ஆள் வந்து கூப்பிட்டான். மே தின விழாவுக்குப் போக வேண்டிய கேக் ஒரு வண்டி முழுக்கக் கெட்டுவிட்டதாம். ஏவல்ட் மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோது மணி நாலு. வேஃபர் கிருமிகள் அதுவரை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருந்திருக்கின்றன. மீட்டரை வைத்துப் பார்த்தான். சாறு தானாகவே புளித்துப்போயிருந்தது. கொட்டிவிடலாம் என்று நினைத்தவன், மர்ஸியாவிடம் என்ன சொல்வது என்று தயங்கி, அப்படியே கடும் புளிப்பில் போட்டுத் தட்டில் தடவி வைத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தட்டிலும் எள் இறைந்திருந்தது.

"பேர் எழுதுன சீட்டு மாறிப்போச்சு" என்றாள் மர்ஸியா.

"என் சீட்டா? பதினாலு வருஷமா ஒரு சீட்டு மாறினதில்ல."

"கேக் கெட்ட பதட்டத்துல மாறியிருக்கும்."

"டாக்டர், நீங்க பல்ல மாத்திப் புடுங்குவீங்களா?"

"ஒரு தடவ புடுங்கியிருக்கேன்" என்றாள் மர்ஸியா. அவன் கோபம் அதோடு தணிந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சரி, சீட்டு மாறலன்னே வெச்சுக்குவோம். அன்னிக்கு என்ன வித்தியாசமா நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவன் சொன்னான். காலையில் போட்டது, ஓடியது, நாலு மணிக்கு வந்தது, சாறு புளித்திருந்தது. அந்த இடத்தில் மர்ஸியா கையை உயர்த்தினாள்.

"எவ்வளவு புளிச்சிருந்துச்சு?"

"மிதமா. அதுங்களே கழிச்ச புளிப்பு."

"மொதல்ல மிதமான புளிப்பு. அப்புறம் கடும் புளிப்பு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏவல்ட் எழுந்து குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தான்.

ஒரே பெண்ணின் பசையை இரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பெண் கனிப்பா. வேஃபர் பிரிவில் மாவு ஊற்றுகிறவள், நாலு மாதக் கர்ப்பிணி. ஒரு பங்கை நேராகக் கடும் புளிப்பில் போட்டார்கள். மற்றதை இலேசான புளிப்பில் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு அதே கடும் புளிப்பில் போட்டார்கள். முதல் தட்டில் நாலு புள்ளி. இரண்டாவதில் எண்ண முடியவில்லை. திரும்பச் செய்தார்கள். திரும்பவும் அப்படியே. ஒன்றரை மணி நேரம் அவகாசம் கொடுத்தால் அந்தக் கிருமிகள் என்னவோ செய்து தம்மைத் தயார்படுத்திக்கொண்டன. கொடுக்காவிட்டால் செத்தன.

ஏவல்டுக்குப் பெயர் வைக்கும் ஆசை இன்னும் விடவில்லை. "குழாயில நடக்குறது வேற, வாயில நடக்குறது வேற. உல்போசின் வாயில இருக்கறது தனி இனமாவே இருக்கலாம்ல?"

மர்ஸியா அதை இரண்டு நாள் மனசில் போட்டுப் புரட்டினாள். பிறகு விடை தானாகவே வந்தது. உல்போசினுக்கு விடுமுறை உத்தரவு வந்திருந்தது. ஈஸிக்குல் ஏரிக்கரை ஆரோக்கிய இல்லத்தில் இருபத்து நாலு நாள், புளிப்புக் காற்றே படாமல்.

"அக்கா, திரும்பி வர்ற அன்னிக்கு உங்க பிரிவுக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட வரணும்."

"எதுக்கு?"

"பசை."

"இருபத்து நாலு நாள் ஏரித்தண்ணியில குளிச்சுட்டு வர்றவகிட்ட பசையா கேப்பாங்க? மீன் கொண்டு வர்றேன், வாங்கிக்க."

அவள் மறந்துவிடுவாள் என்று மர்ஸியாவுக்குத் தெரியும். ஆகவே ஜூன் மாதக் கடைசியில் குறிப்பிட்ட நாள் காலை ஏழு மணிக்கே குழாயும் கரண்டியுமாகத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றுகொண்டாள். உல்போசின் வெயிலில் கறுத்து, புதுப் பூப்போட்ட தலைக்குட்டையோடு, தன் பிரிவுப் பெண்கள் சூழ வந்தாள்.

"அல்லாவே, வாசல்லயே நிக்கிறா!"

"வாயத் தொறங்க அக்கா."

"எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும். சீக்கிரம்."

"என் புருஷன் கூட என் வாய்க்கு இவ்வளவு அவசரப்பட்டதில்ல" என்று உல்போசின் உரக்கச் சொன்னாள். காவலாளி உட்பட வாசலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே மர்ஸியா சுரண்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, எட்டு மணி நேரம் புளிப்புக் காற்றில் நின்ற அதே வாயிலிருந்து இன்னொரு முறை எடுத்தாள்.

காலையில் எடுத்தது கடும் புளிப்பில் கிட்டத்தட்ட முழுக்கச் செத்திருந்தது. சாயங்காலம் எடுத்தது பிழைத்திருந்தது. தனி இனமாக இருந்தால் காலையிலும் பிழைத்திருக்க வேண்டும்.

ஏவல்ட் இரண்டு தட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்து நெடுநேரம் பார்த்தான். "எட்டு மணி நேரத்துல சோப்ளாங்கியெல்லாம் செத்து, பலமானது மட்டும் மிஞ்சியிருக்கலாமே" என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் அது சரியான கேள்வி என்று மர்ஸியாவுக்குப் பட்டது. நல்லவேளையாகக் காலையிலும் மாலையிலும் எடுத்ததில் ஒரு பங்கைப் புளிப்பில் போடாமல் சாதாரணத் தட்டிலும் தடவியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. வாய்க்குள் பெரிய சாவு எதுவும் நடக்கவில்லை. இருந்தவையே மாறியிருந்தன. ஏரிக்கரையில் மறந்ததை ஒரே பகலில் மறுபடி கற்றுக்கொண்டிருந்தன.

"எனக்குப் பேர் வெக்கிற யோகமில்ல" என்றான் ஏவல்ட்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மர்ஸியாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாலூற்றிய தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறிப்போகும்வரை யோசிப்பாள். கிருமிக்கு அவ்வளவு சின்ன உடம்பு. சுற்றிலும் புளிப்பு. அது உள்ளே கசிந்து வந்துகொண்டேதான் இருக்கும். உயிரோடு இருக்க வேண்டுமானால் வருவதை உடனுக்குடன் வெளியே இறைத்துத் தள்ள வேண்டும். இறைக்கப் பலம் வேண்டும். பலம் எங்கிருந்து வரும்?

அதை ஏவல்டிடம் கேட்டபோது அவன் உடனே, "தின்னாத்தான் வரும்" என்றான். அப்படிச் சொன்னதுமே இருவருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிட்டது. பழகிய கிருமிகளைக் கழுவி, சர்க்கரையே இல்லாத புளிப்புத் தண்ணீரில் ஒரு பங்கு போட்டார்கள். சிட்டிகை சர்க்கரை சேர்த்த புளிப்புத் தண்ணீரில் மறு பங்கு. சர்க்கரை கிடைத்தவை தாக்குப்பிடித்தன. கிடைக்காதவை பழகியிருந்தும் வேகமாகச் செத்தன. அதுமட்டுமில்லை. அவை சர்க்கரை தின்னும்போது ஏவல்ட் மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழகாதவை ஓர் அளவுக்குப் புளித்ததும் தின்பதை நிறுத்திவிட்டன. பழகியவை அதையும் தாண்டி, புளிப்பு ஏற ஏற இறங்குகிற மீட்டர் முள் இன்னும் கீழே போகப் போகத் தின்றுகொண்டே இருந்தன.

"எலுமிச்சை உப்பு மட்டும் பறந்தா இவ்வளவு சேதமில்ல" என்றாள் மர்ஸியா. "சர்க்கரை மட்டும் பறந்தாலும் இவ்வளவு இல்ல. ரெண்டும் சேந்து பறக்குது. ஒண்ணு பழக்கிவிடுது, ஒண்ணு சோறு போடுது."

உல்போசினுக்கு அதை விளக்கியபோது அவள் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தெனம் காலையில வந்ததும் ருசி பாக்க ஒரு மிட்டாய வாயில போட்டுக்குவேன். சரியா இருக்கான்னு பாக்கணும்ல."

"ஆமா."

"அப்ப நானேதான் அதுங்கள உசுப்பிவிட்டிருக்கேன். 'எந்திரிங்கடா, ஷிப்ட் ஆரம்பிச்சாச்சு'ன்னு."

"அப்படியும் சொல்லலாம்."

"பத்தொம்பது வருஷமா!" என்று அவள் தன் கன்னத்திலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "ஏரிக்கரையில இருவத்து நாலு நாள்ல மறந்துச்சுன்னு சொன்னியே. அவ்வளவு நாள் வேணுமா மறக்க?" என்று கேட்டாள்.

அது மர்ஸியாவுக்குத் தோன்றாத கேள்வி. அன்று மதியமே ஏவல்டிடம் போனாள். பழகிய கிருமிகளைப் புளிப்பில்லாத சாற்றுக்கு மாற்றி, மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே பலம் குறைய ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன.

அதற்குப் பிறகு புளிப்புப் பிரிவின் கதவோரம் ஒரு வாளி வந்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீர். மணிக்கு ஒரு தரம் உருளையை நிறுத்தி, பதினோரு பேரும் வாய் கொப்பளிக்க வேண்டும். முதல் வாரம் பெரிய ரகளை. சோப்பைக் குடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். உல்போசின் தானே முதலில் கொப்பளித்து, ஒவ்வொருத்தியின் பெயரையும் கூப்பிட்டு வாளிக்கு முன் நிற்கவைத்தாள். ருசி பார்க்கும் மிட்டாயை நாக்கில் தொட்டுவிட்டுத் துப்பினாள். தூளை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு வேண்டும் என்று மர்ஸியா எழுதிக் கொடுத்தாள். நிர்வாகம் தலையாட்டியது. கூண்டு பிப்ரவரியில்தான் வந்தது.

அடுத்த வருஷம் அந்தப் பதினோரு வாய்களிலும் சேர்த்துப் புதுக் குழி மூன்றுதான் கண்டாள். அதற்கு முந்தின வருஷம் பதினாறு. தேய்ந்த முன்பற்களை யாராலும் திரும்ப வளர்க்க முடியாது. உல்போசினுக்கு எஃகு உறை போட்டாள். தங்கமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் ஒரு மாதம் முணுமுணுத்தாள். பிறகு ஒரு திருமண விருந்தில் அந்த எஃகுப் பல்லால் எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சிக் காட்டியதாக எல்லாரும் வந்து சொன்னார்கள்.

செய்ததையெல்லாம் பதினெட்டுப் பக்கம் எழுதி தலைநகர் அல்மா-ஆத்தாவில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார்கள். ஏழு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. சுவாரசியமானது. வாய்களின் எண்ணிக்கை குறைவு. மீட்டரைச் சரிபார்த்தீர்களா?

ஏவல்ட் கடிதத்தை மேசைமேல் விட்டெறிந்தான். "என் மீட்டரையா?"

"கேக்க வேண்டிய கேள்விதான்" என்றாள் மர்ஸியா. "நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்."

"உங்களுக்குக் கோவமே வராதா, டாக்டர்?"

அவளுக்கு உண்மையிலேயே வரவில்லை. அந்தக் கடிதம் வந்த காலையில்தான் கனிப்பா பல்வலியோடு வந்திருந்தாள். வீட்டில் விட ஆளில்லாமல் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பெண் குழந்தை. அதற்குள் அது பிறந்து ஐந்து மாதம் தாண்டியிருந்தது. மெலிந்த குழந்தைதான், ஆனால் குரல் பெரியது. அம்மாவுக்கு மருந்து வைக்கும்வரை மர்ஸியாவின் மடியில் உட்கார்ந்து அவள் விரலை ஈறால் கடித்துக்கொண்டிருந்தது. வாய்க்குள் பார்த்தாள். ரோஜா நிறத்தில் வெறும் ஈறு. ஒரு பல் இல்லை.

அப்போதிலிருந்து ஒரே யோசனை. தாயின் வாயில் அந்தக் கிருமிகள் இருக்கின்றன என்பதை அவளே எண்ணிப் பார்த்திருக்கிறாள். தாய் முத்தமிடுகிறாள், கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு ஊட்டுகிறாள். கட்டாயம் குழந்தை வாய்க்குள் போயிருக்கும். பல்லே இல்லாத வாயில் அவை எங்கே உட்கார்ந்திருக்கும்? உட்கார இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்யும்?

அவள் சட்டைப்பையிலிருந்து குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஏவல்ட் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது எந்தப் பிரிவு?"

"எந்தப் பிரிவும் இல்ல. பல்லில்லாத ஆளு."

அவன் முனகிக்கொண்டே வெப்பப் பெட்டியைத் திறந்தான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது தட்டில் பலவகைப் புள்ளிகள் முளைத்திருந்தன. அவர்கள் தேடியது மட்டும் அதில் இல்லை. மர்ஸியா இன்னொரு தட்டையும் பார்த்தாள். அதிலும் இல்லை. பல் வந்தால்தான் அவை அந்த வாயில் தங்குமா? குறிப்பேட்டில் தேதியைப் போட்டு, குழந்தையின் பெயரை எழுதி, 'முதல் பல் முளைத்ததும் மறுபடி எடுக்க வேண்டும்' என்று குறித்துக்கொண்டாள். பிறகு கனிப்பாவின் பிரிவுக்குப் போய், பல் எப்போது முளைத்தாலும் அன்றைக்கே தன்னிடம் வந்து சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கனிப்பா ஒன்றும் புரியாமல், சரி டாக்டர் என்றாள்.